வாலிலிருந்து எண்ண வேண்டும்

அத்தியாயம் 17

அந்தக் கல்லூரியின் துறைத்தலைவருக்குத் தோள்கள் உண்மையில் எவ்வளவு அகலம் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர், அவருக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்த தையல்காரி.

"ரெண்டு பக்கமும் பஞ்சு வைங்க. ஆனா வெச்சது தெரியக் கூடாது" என்று அளவு கொடுக்கும்போதே இரண்டு தடவை சொன்னார். தெரியாமல்தான் வைத்திருந்தாள்.

இன்று அந்தத் தோள்களுக்கு எதிரே போய் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்குக் கை பரபரத்தது. கத்தரிக்கோலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது எல்லோருக்கும் நல்லது.

வாராவாரம் வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி.

தையல்காரிக்கு ஒரே மகள். ஊர்வனவற்றைப் பற்றிப் படிக்கிறவள். நகருக்கு வெளியே இருக்கும் ஏரியில் இரண்டு வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நூற்றுப் பன்னிரண்டு ஆமைகளைப் பிடித்து, அளந்து, ஓட்டின் விளிம்பில் அடையாளம் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டவள். எல்லாம் நான்கு நோட்டுப் புத்தகங்களில் இருந்தன. மூன்று மாதத்துக்கு முன்னால் துறைத்தலைவர் "சரிபார்த்துத் தருகிறேன்" என்று அவற்றை வாங்கிக்கொண்டார். சரிபார்த்தாரோ இல்லையோ, தரவில்லை. அடுத்த வாரமே அவளுடைய ஏரி அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மறுத்தார்கள். அதற்கு அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: 'பட்டமேற்படிப்பு ஆராய்ச்சி வாய்ப்பு. பொருள்: ஏரி ஆமைகளின் பாதுகாப்பும் சூழலியலும். இடம்: ஒன்று.'

அவளுடைய ஏரி. அவளுடைய ஆமைகள். விண்ணப்பம் போட்டாள். போன வாரம் பட்டியல் வந்தது. ஐந்து பெயர்களில் அவள் பெயர் இல்லை. காரணம் என்ற கட்டத்துக்குள் மூன்றே சொற்கள்: 'கள அனுபவம் போதாது.'

"ரெண்டு வருஷமா இவ துணியில இருந்த சேத்தை அலசினவ நான். எனக்கே கள அனுபவம் இருக்கு" என்று தையல்காரி தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

பட்டியலோடு ஓர் ஆறுதல் கடிதமும் வந்திருந்தது. தேர்வாகப் போகிறவருக்கு ஆமைகளை அடையாளம் காட்ட ஒரு 'கௌரவ உதவியாளர்' தேவையாம். அந்த அரிய வாய்ப்பை அவளுக்கு வழங்குவதில் துறை பெருமை கொள்கிறதாம்.

"கௌரவ உதவியாளர்னா என்னடி அர்த்தம்?"

"வேலை என்னுது, பேர் இன்னொருத்தருதுன்னு அர்த்தம்மா."

அந்த ஒரு இடத்துக்குத்தான் இன்று தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். பொதுமக்களும் வரலாம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. தையல்காரி தன்னைப் பொதுமக்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

*

வீட்டில் மூன்றாவது ஆள் சர்க்குலர். தையல்காரியின் கணவர். ஓர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட, "மேற்படி பொருளில் உப்பின் அளவு மறுபரிசீலனைக்கு உரியது" என்பார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். பதவியில் இருக்கும் யாரைக் கண்டாலும் அவர் முதுகு தானாகவே வளைந்துகொள்ளும்.

தன் காலத்தில் பதினேழு அதிகாரிகளுக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றைக்கூட அவரைப் படிக்க விட்டதில்லை. அவருடைய சொந்த ஓய்வு விழாவில் மைக்கைக் கையில் வாங்கிய நொடியில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது கூட்டம் டீ குடிக்கப் போயிருந்தது. எழுதி வைத்த நன்றியுரை இன்னும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று காலையில், "நாம போறது அவசியமா?" என்று கேட்டார்.

தையல்காரி அவருடைய நேற்றைய சட்டையை ஊறவைக்கப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். "நேத்து வரைக்கும் அவசியம்னீங்க. துறைத்தலைவர் கையைக் குலுக்கணும்னு புதுச் சட்டை கேட்டீங்க."

"சூழ்நிலை மாறியிருக்கு."

"ராத்திரியோட ராத்திரியா என்ன மாறிச்சு?"

சட்டைப் பையிலிருந்து பொன்னிறக் காகிதம் ஒன்று வந்தது. உயர்ந்த ரக பிஸ்கட் சுற்றி வருகிற காகிதம். இந்த வீட்டுக்குள் அப்படிப்பட்ட பிஸ்கட் வந்ததில்லை. நேற்று மாலை நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். யாரோ கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிக் கசக்கிப் போட்டாள்.

"முறைப்படி ஒரு மனு கொடுத்துட்டுக் காத்திருக்கலாமே..." என்று சர்க்குலர் இழுத்தார்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மூணு மனு கொடுத்தாச்சுப்பா. மூணும் அவர் மேசையில ஒரு கல்லுக்கு அடியில கிடக்கு. அந்தக் கல்லுகூட நான் ஏரியிலேருந்து கொண்டு வந்ததுதான்."

வாசலில் சர்க்குலர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "கழுத்துல டேப்பைக் கழட்டிட்டு வா. படிச்சவங்க கூடற இடம்."

"அவங்க அட்டை கழுத்துல தொங்கலாம், என் டேப் தொங்கக் கூடாதா? நடங்க."

அவர் நடந்தார். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளி மாற்றிப் போட்டிருந்தார். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பொத்தானும் தப்பாதவர். தையல்காரி கவனித்தாள். நேரமில்லாததால் கேட்கவில்லை.

*

அரங்கத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை. 'வாய்ப்புகளின் வாசல்' என்று மேலே எழுதி, கீழே ஒரு பெரிய படம். ஓர் ஆமையைப் பிடித்திருக்கும் கை. முழங்கை வரைக்கும் கை இருந்தது. அதற்குமேல் வெட்டிவிட்டிருந்தார்கள்.

"அம்மா, அது என் கை."

"தெரியுது. சட்டையில அந்த முழங்கை ஒட்டு நான் போட்டது."

கையை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். மொத்த விவகாரத்தையும் ஒரே படத்தில் இவ்வளவு ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று தையல்காரி நினைத்ததில்லை.

உள்ளே முதல் வரிசையில் வெளித் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். நரைத்த குட்டை முடி, தேய்ந்த செருப்பு, யாரோடும் பேசாத ஓர் அம்மாள். அவருக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். ஒவ்வொன்றும் பொன்னிறக் காகிதத்தில்.

தையல்காரி தட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த சர்க்குலரைப் பார்த்தாள். அவர் உத்தரத்தை மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் துறைத்தலைவர் பஞ்சுத் தோள்களோடு மேடையேறிவிட்டார். ஊர்வன நம் உடன்பிறப்புகள் என்றார். அவற்றைக் காக்கத் தூக்கத்தைத் துறந்தவன் தான் என்றார். இளைஞர்களுக்கு வாய்ப்பு, வாய்ப்புக்கு உழைப்பு, உழைப்புக்கு மீண்டும் வாய்ப்பு என்று போய்க்கொண்டே இருந்தார். அவர் ஒவ்வொரு முறை 'வாய்ப்பு' என்றபோதும் தையல்காரி டேப்பில் கட்டை விரலை ஓர் அங்குலம் நகர்த்தினாள். பேச்சு முடிந்தபோது விரல் பதினேழில் இருந்தது.

மேசைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், சுடும் விளக்குக்கு நேர் கீழே, ஒரு பெரிய ஆமை. பெட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"காய்ஞ்சு போகும்மா அது" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

முதலில் பேச வந்தவன் பளபளா. துறைத்தலைவரின் மைத்துனர் மகன். ஏரிப் படகுக்காரர் வைத்த பெயர் அது. மூன்று மாதமாக ஏரிக்கு வந்து போகிறானாம், காலணியில் ஒரு புள்ளி சேறு ஒட்டியதில்லையாம். படகிலேயே உட்கார்ந்துகொண்டு, படகுக்காரர் பிடித்துத் தரும் ஆமைகளின் எண்ணை மட்டும் படித்துக் குறித்துக்கொள்வானாம்.

"என் ஆய்வில் நூற்றுப் பன்னிரண்டு ஆமைகள்..." என்று ஆரம்பித்தான்.

'என்' என்ற சொல்லுக்கு மகளின் நகங்கள் நாற்காலிக் கைப்பிடியில் பதிந்தன. தையல்காரி அந்தக் கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

பளபளா கைத்துணியைப் போட்டு ஆமையைத் தூக்கினான். இரண்டு கைக்கும் கனமாக இருந்தது, வயிற்றில் முட்டுக் கொடுத்துக்கொண்டான். பிறகு மேசை விளிம்பில் வைத்து, பேனாவால் ஓட்டின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். "தலையிலிருந்து, இடது பக்கம் எட்டாவது வில்லையில் வெட்டு. வலது பக்கம் ஒன்பதாவது. இடது பத்துகள், வலது ஒன்றுகள். ஆக, இது எண்பத்தொன்பதாம் ஆமை!"

கைதட்டல்.

தையல்காரி தட்டவில்லை.

அந்த வெட்டுக் குறி அவள் மேசையில் பிறந்தது. சீருடை தைக்கும்போது எந்தத் துண்டு எதோடு சேரும் என்று துணி ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு போடுவாள். அதைக் கீழ் மடிப்பிலிருந்து மேல்நோக்கித்தான் எண்ணுவாள். கழுத்துப் பக்கம் கடைசியாகத்தான் வெட்டுப்படும், அங்கிருந்து எண்ணினால் எல்லாம் தப்பும். பள்ளிக்கூட நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மகள், ஏரிக்குப் போனபோது அதே வழக்கத்தை அப்படியே ஆமைக்கும் போட்டுவிட்டாள். ஓட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பன்னிரண்டு வில்லை. வால்தான் கீழ் மடிப்பு. எண்ணிக்கை வாலிலிருந்து. இது எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது. இந்தக் குடும்பத்துக்குள் மட்டும் புழங்குகிற பழக்கம். அதனால்தான் அதை நோட்டில் எழுதி வைக்கவேண்டும் என்றுகூட மகளுக்குத் தோன்றவில்லை.

வெளித் தேர்வாளர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "உங்க நோட்டுல எண்பத்தொன்பதுக்கு என்ன எழுதியிருக்கு? படிங்க பார்ப்போம்."

பளபளா, மகளிடமிருந்து துறைத்தலைவர் வாங்கிக்கொண்ட நோட்டுகளைப் புரட்டினான். "எண்பத்தொன்பது. குட்டி. ஓட்டு நீளம் மூணு அங்குலம். பிடிச்சது அஞ்சு மாசத்துக்கு முன்னாடி..." சத்தம் தேய்ந்துபோயிற்று. வயிற்றில் முட்டுக் கொடுத்துத் தூக்கிய ஆமையைப் பார்த்தான். மூன்று அங்குலக் குட்டியாக இருக்க அது எந்த முயற்சியும் எடுக்கவில்லை. அவன் மறுபடி தூக்கினான். நீண்ட நேரம் பொறுமையாக இருந்த ஆமை, அப்போதுதான் தன் கருத்தைத் தெரிவித்தது. நேராக அவனுடைய காலணி மேல்.

அரங்கம் சிரித்து முடிப்பதற்குள் துறைத்தலைவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"கடைசியில் அறிவிக்கலாம் என்றிருந்தேன்! ஐந்தே மாதத்தில் மூன்று மடங்குக்கு மேல் வளர்ச்சி! இதுதான் எங்கள் துறையின் கண்டுபிடிப்பு. இப்படி ஒரு வேகத்தை உலகில் எவரும்..."

மறுபடி கைதட்டல். இம்முறை இன்னும் பலமாக. பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்து, அதற்குப் பெயரும் சூட்டி, மாலைக்குள் பத்திரிகைக்கே அனுப்பிவிடுவார் போலிருந்தது. தையல்காரிக்கு உச்சந்தலை கொதித்தது. எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஐம்பத்து நாலு."

தலைகள் திரும்பின.

"அது எண்பத்தொன்பது இல்ல. ஐம்பத்து நாலு. வாலிலேருந்து எண்ணணும். இடது அஞ்சு, வலது நாலு."

துறைத்தலைவர் யாரென்று பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். "கோட்டு விஷயமா வந்திருந்தீங்கன்னா சாயந்திரம் பார்க்கலாம்மா. இது ஆராய்ச்சி."

நாலு பேர் சிரித்தார்கள்.

"கோட்டைப் பத்தியும் பேசலாம் சார். எங்கேருந்து ஆரம்பிக்கட்டும், தோள்பட்டையிலேருந்தா?"

புன்னகை அப்படியே நின்றுபோயிற்று. வெளித் தேர்வாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவங்க வரட்டும்" என்றார்.

தையல்காரி மேடையேறினாள். முதல் வேலையாக மேசையில் துறைத்தலைவருக்கு வைத்திருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து ஆமையின் மேல் ஊற்றினாள். பிறகு கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

மகளின் அளவெல்லாம் அங்குலத்தில் இருந்ததற்கும் ஒரு கதை உண்டு. ஓடு அளக்கும் கருவி துறையின் பீரோவில் இருந்தது. பீரோவின் சாவி துறைத்தலைவரிடம் இருந்தது. துறைத்தலைவர் எப்போதும் கூட்டத்தில் இருந்தார். மகள் அம்மாவின் பழைய டேப்பை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

"நோட்டு உங்க கையில இருக்கட்டும்மா" என்று, பளபளாவிடமிருந்த நோட்டுகளை வாங்கித் தையல்காரி தேர்வாளரிடம் கொடுத்தாள். "நான் அளந்து சொல்றேன். அப்புறம் ஐம்பத்து நாலைப் படிங்க." ஓட்டின் வளைவோடு டேப்பைப் படியவிட்டாள், ஒரு முதுகுக்கு அளவெடுப்பதுபோல. "ஒன்பதரை."

தேர்வாளரின் விரல் நோட்டில் வரியைத் தேடியது. அது நிற்பதற்கு முன்பே மூன்றாவது வரிசையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"ஒன்பதரை அங்குலம். பெண் ஆமை. இடது பின்னங்கால்ல ரெண்டு நகம் கிடையாது. வடகரை நாணல் ஓரத்துல, காலையில ஆறே காலுக்குக் கிடைச்சது. போன வருஷம் பதினோரு முட்டை வெச்சா. ஒம்பது பொரிச்சது."

தேர்வாளர் வரியோடு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நோட்டை மூடினார். எழுந்து வந்து, ஆமையின் இடது பின்னங்காலை மெல்ல விரித்துப் பார்த்தார். இரண்டு நகம் இல்லை.

"இவர் மூணு மாசமா ஏரியில படிச்ச எண்ணெல்லாம்?" என்று மகளைக் கேட்டார்.

"எல்லாம் தலைகீழ் மேடம்."

"இந்தப் பொண்ணுக்குத்தான் கள அனுபவம் போதாதா?"

இப்போது யாரும் கைதட்டவில்லை. தட்டுவதைவிட நன்றாக இருந்தது அந்த அமைதி.

*

துறைத்தலைவர் ஒரு சாதாரண மனிதராக இருந்திருந்தால் இங்கேயே தலை குனிந்திருப்பார். அவர் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்த உள்பையையும் தைத்தவள் தையல்காரிதான்.

"கள உழைப்பை நான் மறுக்கவே இல்லையே. ஆனால் நோட்டுகள் துறைக்குச் சொந்தம். இதோ, முறைப்படி எழுதிக் கொடுத்தது."

தேர்வாளர் உரக்கப் படித்தார். "'மேற்படி குறிப்புகள் யாவும் துறையின் வழிகாட்டுதலில் துறைக்காகவே எடுக்கப்பட்டவை. அவற்றின் மீதோ, அவற்றை அடிப்படையாகக் கொண்ட ஆராய்ச்சி இடத்தின் மீதோ என் மகளுக்கு யாதொரு உரிமை கோரிக்கையும் இல்லை. மனமுவந்து ஒப்படைக்கிறோம்.' நேத்து தேதி போட்டிருக்கு."

"நான் எதுவும் எழுதிக் கொடுக்கல!" என்று மகள் கத்தினாள்.

"நீ இல்லம்மா. உன் சம்மதத்தோட, உன் சார்பிலே."

தேர்வாளர் தாளைத் தையல்காரியிடம் நீட்டினார். படிக்க வேண்டியிருக்கவில்லை. 'மேற்படி' என்ற முதல் சொல்லிலேயே ஆள் தெரிந்துவிட்டார். கீழே கையெழுத்து. நுனியில் ஒரு சுழி, அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. திருமணப் பதிவுப் புத்தகத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதும் அதே இரண்டு புள்ளிதான்.

பொன்னிறக் காகிதம். மாற்றிப் போட்ட பொத்தான். சூழ்நிலை மாறியிருக்கு.

ஒரு டீ, ஒரு பிஸ்கட், 'வாங்க சார், உட்காருங்க சார்' என்று இரண்டு வார்த்தை. மகளின் இரண்டு வருடம் இவ்வளவுக்குத்தான் போயிருக்கிறது.

"சட்டப்படி எது செல்லும்னு எனக்குத் தெரியாது" என்றார் தேர்வாளர். "சாயந்திரம் அஞ்சு மணிக்கு நான் பட்டியல்ல கையெழுத்து போடணும். இந்தக் கடிதம் பொண்ணு சம்மதத்தோட எழுதினதுன்னா, இவ பேரை நான் சேர்க்க முடியாது. எழுதினவர் இங்க இருக்காரா?"

மகள் மெல்லத் திரும்பி, பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. அது தையல்காரிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

"என்னங்க."

சர்க்குலர் தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களத்தான். எழுந்திரிங்க. மேடைக்கு வாங்க."

அவர் வந்தார். ஆறு படி ஏற அறுபது படி ஏறுகிற நேரம் ஆயிற்று. துறைத்தலைவர் ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க சார், உட்காருங்க சார்" என்றார். சர்க்குலரின் முதுகு பழக்கத்தில் பாதி வளைந்தது. தையல்காரி அந்த நாற்காலியைக் காலால் நகர்த்தினாள். பிறகு துறைத்தலைவரின் கையிலிருந்த மைக்கை வாங்கிக் கணவர் கையில் வைத்தாள். மற்றொரு கையில் கடிதத்தை வைத்தாள்.

"பதினேழு பேருக்கு எழுதிக் கொடுத்தீங்க. ஒண்ணையும் உங்களைப் படிக்க விடல" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் மைக் அதையும் எடுத்துக்கொண்டது. "இது பதினெட்டாவது. இதை நீங்களே படிங்க. படிச்சுட்டு, பொண்ணு எப்போ சம்மதிச்சான்னு அவளைப் பார்த்துச் சொல்லுங்க."

சர்க்குலர் கடிதத்தைப் பார்த்தார். துறைத்தலைவரைப் பார்த்தார். மேசைமேல், ஈர ஓட்டோடு, கழுத்தை முழு நீளத்துக்கும் நீட்டி ஐம்பத்து நான்காம் எண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாக, மூன்றாவது வரிசையில் எழுந்து நின்ற மகளைப் பார்த்தார்.

தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் அரங்கத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

இந்தத் தடவை மின்சாரம் போகவில்லை.